மறைகமராவும் புலனாய்வுப் பத்திரிகைத் தொழிலும்

பிறர் அறியாவண்ணம் அவர் செய்கையைப் படம்பிடித்து, அதனைப் பல இலட்சம் மக்கள் காணத் தொலைக்காட்சியிலே காட்டுதல் தகுமோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஆயினும், கமரா சட்டைப் பொத்தானினும் சிறியதாகி, மாணவர் சட்டைப்பையிலும் ஒன்று கிடக்கின்ற இந்நாளிலே அவ்வினா பத்திரிகையாளர்க்கு மட்டும் உரியதன்று. ஆதலின் அதனை இம்மலரிலே சிறிது ஆராயப் புகுந்தோம். தகும் என்போரும் தகாது என்போரும் பெரும்பாலும் ஒரு வேறுபாட்டைக் கருதாது வாதிடுகின்றனர். முன்னரே நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றை மறைந்து நின்று காண்பது வேறு. காட்டுவதற்காகவே ஒன்றை நிகழச் செய்வது வேறு. முன்னையது சாட்சி, பின்னையது பொறி. இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதனாலேயே குழப்பம் விளைகின்றது.

ஒற்றரை விடுத்து உண்மை அறிதல் நம்மவர்க்குப் புதுவதன்று. திருக்குறளிலே ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவர் சொல் ஒத்த பின்னரே செய்தியைத் தெளிதல் வேண்டும் என்பது அங்கே கூறப்படும் விதிகளுள் ஒன்று. அது வேந்தர்க்கு உரியது. பத்திரிகையாளர் ஒற்றராகிய வரலாற்றிலே முதன்மையாகப் பேசப்படுபவர் நெல்லி பிளை என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1887ஆம் ஆண்டில் அவர் பித்துப் பிடித்தவர்போல் நடித்து, நியூயோர்க் நகரின் பிளாக்வெல் தீவிலிருந்த பெண்களுக்கான மனநோய் விடுதியிலே பத்து நாள் அடைபட்டுக் கிடந்தார். கெட்ட உணவையும், குளிர்நீர்க் குளிப்பையும், அறிவு தெளிந்த பெண்கள் சிலரும் அங்கே பூட்டி வைக்கப்பட்டிருந்ததையும் 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதினார். விசாரணை நடந்தது, விடுதிகளுக்கு ஒதுக்கிய பணமும் கூடியது. அவர் தம்மைப் பற்றிப் பொய் கூறினார் என்பது மெய்யே. ஆனால், அவ்விடுதியிலே நிகழ்ந்த கொடுமை எதுவும் அவர் சென்றமையால் நிகழ்ந்ததன்று.

இவ்வழி இவ்வாறிருக்க, மற்றொரு வழி கேளிக்கைக் கூடத்திலிருந்து புறப்பட்டது. அலன் பண்ட் என்பவர் 1947இல் மறைத்து வைத்த ஒலிவாங்கியைக்கொண்டு வானொலி நிகழ்ச்சியொன்றைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அதனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டு வந்தார். பின்னாளில் உலகெங்கும் பலர் பின்பற்றிய 'கண்டிட் கமரா' என்பது இதுவே. அங்கே எல்லாம் பொறிதான். ஒரு சூழ்ச்சியை அமைத்து, அதிற் சிக்கியவர் திகைப்பதைப் பார்த்துச் சிரித்தல். கடைசியிற் சிக்கியவரும் சேர்ந்து சிரித்தல். நகைப்புக்காகச் செய்த அத்தந்திரம் பின்னொரு நாள் நீதி வழங்கும் வேடம் பூணும் என்று அக்காலத்திலே எவரும் எண்ணியிரார்.

பத்திரிகை வழியின் உச்சமாக நாம் கருதுவது சிக்காகோ நகரிலே நிகழ்ந்தது. அங்கே கடை வைத்திருப்போர் நகரசபைப் பரிசோதகர்களுக்குக் கைக்கூலி கொடாமல் தொழில் நடத்தல் அரிது என்பதைப் பலரும் அறிவர். பெயர் சொல்லிச் சாட்சி கூறத்தான் ஆளில்லை. கூறினால் கடை பூட்டப்படும் என்னும் அச்சம். கடைக்காரர் பேசாராயின் நாமே கடைக்காரராவோம் என்று 'சன்-டைம்ஸ்' பத்திரிகையார் துணிந்தனர். 1977ஆம் ஆண்டிலே பமெலா செக்மன் என்னும் நிருபரும் அவர் குழுவினரும், நல்லாட்சிக்காக உழைக்கும் அந்நகரத்துச் சங்கமொன்றுடன் சேர்ந்து, பழைய தவறணையொன்றை விலைக்கு வாங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மிராஜ்'. கானல்நீர் என்பது பொருள். வந்தவர் எவருக்கும் அப்பெயர் ஐயத்தை விளைக்கவில்லை போலும்! நிருபர்கள் மது ஊற்றிக் கொடுத்தனர். புகைப்படக்காரர் கழிவறைக்கு மேலிருந்த பரணிலே ஒளிந்திருந்தனர். கட்டடத்தின் பழுதுகளைத் திருத்தாமலே வைத்திருந்தனர். பரிசோதகர் வந்தனர், உறையிலிட்ட சிறு தொகையைப் பெற்றனர், பழுதைக் காணாதவராய்ச் சென்றனர். வரிக் கணக்கைப் பொய்யாக எழுதும் வழிகளைக் கற்பிப்பாரும் வந்தனர்.

1978ஆம் ஆண்டு சனவரி மாதம் முதல் இவையாவும் 25 பகுதிகளாக வெளிவந்தன. பரிசோதகர் பலர் பதவி இழந்தனர்; பலர்மீது வழக்கும் எழுந்தது. இம்முயற்சி புலிற்சர் பரிசுக்கு முன்மொழியப்பட்டபொழுது, 1979இல் பரிசுச் சபையார் அதனை ஏற்க மறுத்தனர். மறுத்தவருள் ஒருவர், உவாட்டர்கேட் ஊழலை வெளிக்கொணர்ந்த 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் ஆசிரியர் பென் பிராட்லி. பிறரிடம் உண்மையைக் கோரும் பத்திரிகை தானே வேடம் புனைந்து உண்மை தேடலாகாது என்பது அவர் கட்சி. அக்கட்சியை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். ஏனெனில், 'மிராஜ்' எல்லைக்கோட்டின்மேல் நிற்பது. கடையை அமைத்தவர் பத்திரிகையார். உறையை வைத்தவரும் அவரே. எனினும், எவ்வளவு பணம் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்தது அந்நகரத்து வழக்கம். ஒரு கண் கண்டதோடு அவர்கள் அமையவுமில்லை. நிருபர் பலர் கண்டது, படம் காட்டியது, ஏடுகள் கூறியது ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பு நோக்கியே அச்சிட்டனர். ஒற்றர் மூவர் விதியை அறியாமலே அவர்கள் கைக்கொண்டனர் எனலாம்.

அடுத்துக் கூறப்போவது சட்டத்துறையிலே பெரிதும் பேசப்பட்ட வழக்கு. 'ஏபிசி' தொலைக்காட்சி நிலையத்தார் 'பூட் லயன்' என்னும் பெருங்கடை நிறுவனத்தில் உணவு கையாளப்படும் முறையை ஆராய விரும்பினர். பணிப்பெண்களாக விண்ணப்பித்த தயாரிப்பாளர் இருவர், பொய்யான தொழில் வரலாறு காட்டி, வட கரோலைனாவிலும் தென் கரோலைனாவிலும் இருந்த கிளைகளிலே வேலை பெற்றனர். மிகச் சிறிய கமராக்களை உடலிலே மறைத்துச் சென்றனர். நாட்பட்ட இறைச்சியையும் மீனையும் புதியனபோல மீண்டும் பொதி செய்யும் காட்சிகள் 1992 நவம்பர் 5ஆந் திகதி ஒளிபரப்பாயின.

நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆனால், மானநட்ட வழக்குத் தொடுக்கவில்லை. காட்டியது பொய் என்று வழக்கிடுவதாயின், அமெரிக்காவில் 1964 முதல் நிலவும் விதிப்படி, பொய்யென்று அறிந்தே வெளியிட்டனர், அல்லது மெய்யோ பொய்யோ என்று கவலையின்றி வெளியிட்டனர் என நிறுவல் வேண்டும். அது கடினம். ஆதலின், வேலை பெறப் பொய் கூறினர், அத்துமீறி உட்புகுந்தனர், சம்பளம் பெற்ற முதலாளிக்கு விசுவாசமாக இருக்கத் தவறினர் என்று வழக்கை வேறு வழியாற் கொண்டு சென்றனர். 1997இல் யூரிமார் 55 இலட்சம் டொலர் தண்டம் விதித்தனர். விசாரணை நீதிபதி அதனை 3 இலட்சத்து 15 ஆயிரமாகக் குறைத்தார். 1999இல் மேன்முறையீட்டு மன்று, பொய் கூறி வேலை பெற்றமையால் நிறுவனத்துக்கு நட்டம் நேர்ந்ததாக நிறுவப்படவில்லை எனக் கூறி அப்பகுதியை நீக்கியது. எஞ்சியது அத்துமீறலுக்கு ஒரு டொலர், விசுவாசக் குறைவுக்கு ஒரு டொலர், ஆக இரண்டு டொலர்.

இரண்டு டொலர்தானே என்று நகைப்பார் நகைக்கலாம். அவ்விரண்டும் அடையாளத் தொகையே. ஆயினும் குற்றம் இல்லை என்று மன்று கூறவில்லை. தொலைக்காட்சி நிலையத்தார் நினைவில் நின்றதோ அந்த இரண்டு டொலரன்று. 55 இலட்சமும், ஏழாண்டு வழக்காடிய செலவுமே. பெரிய நிறுவனத்தைப் படம்பிடித்தால் அதன் சட்டத்தரணிகள் வருவர். வலியில்லாத தனி மனிதனைப் படம்பிடித்தால் எவரும் வாரார். மறைகமராவின் முகம் வலியாரை விட்டு எளியாரை நோக்கித் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

அவ்வாறு திரும்பியதன் விளைவு 'என்பிசி' நிலையம் 2004 முதல் 2007 வரை நடத்திய ஒரு தொடரிலே தெரிந்தது. சிறுவரைத் தீய நோக்குடன் நாடும் ஆடவரைப் பிடிப்பது அதன் நோக்கம். தொண்டர் குழுவொன்று இணைய உரையாடலிலே சிறுவர்போல் நடித்து அத்தகையோரை ஒரு வீட்டுக்கு வரவழைக்கும். அங்கே நிகழ்ச்சி நடத்துநரும் கமராக்களும் காத்திருக்கும். வெளியே பொலிசார் நிற்பர். அத்தொண்டர் குழுவுக்கு நிலையம் பணமும் கொடுத்தது. பிடிபட்டோர்மீது இரக்கம் கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. சிறுவரைக் காத்தல் தலையாய கடன். ஆனால், பிடிப்பவர், விசாரிப்பவர், தண்டிப்பவர், அதனை விற்பவர் ஆகிய நால்வரும் ஒருவரேயானால் நேர்வது யாது? 2006 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்து மேர்பி நகரிலே நடந்த நடவடிக்கையின்பொழுது, அழைத்த வீட்டுக்கு வாராத ஒருவரை நாடி, பொலிசாரும் படக்குழுவினரும் அவர் வீட்டுக்கே சென்றனர். அவர் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். அந்நகரத்து நடவடிக்கையிலே பிடிபட்ட ஏனையோர்மீதும், சான்றுகள் சட்டத்துக்கு ஏற்றனவாக இல்லை என்று கூறி, அம்மாவட்ட வழக்குரைஞர் வழக்குத் தொடர மறுத்துவிட்டார். குற்றவாளியைப் பிடிக்கவென்று வந்த கமராவே குற்றவாளி தப்பும் வாயிலாயிற்று! இறந்தவரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2008இல் சமரசமாக முடிந்தது.

நமக்கு அண்மையிலுள்ள பாரதத்திலும் இவ்விரு முகங்களும் காணப்பட்டன. 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே 'தெகல்கா' நிருபர்கள் இல்லாத ஓர் ஆயுத நிறுவனத்தின் முகவராக நடித்து, இருளிலே காணும் வெப்பக் கமராக்களை இராணுவத்துக்கு விற்பதாகக் கூறி, இலஞ்சம் பெறுவோரைப் படம்பிடித்தனர். இல்லாத கமராவை விற்கச் சென்று, இருந்த கமராவால் உண்மையைக் கொணர்ந்தனர். ஆளுங்கட்சித் தலைவராயிருந்த பங்காரு லட்சுமணன் ஓர் இலட்சம் ரூபா பெறுவதை நாடே கண்டது. 2012இல் நீதிமன்று அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதே நிருபர்கள் இராணுவ அதிகாரிகளுக்குப் பெண்களை அனுப்பியதும் பின்னர் வெளிவந்தது. அதனை நாம் எவ்வாற்றானும் ஏற்கமாட்டோம். 2005 டிசம்பரிலே, கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்ற பாராளுமன்ற உறுப்பினர் 11 பேர், படம் வெளிவந்த அம்மாதத்திலேயே சபைகளினின்று நீக்கப்பட்டனர்.

இவ்வெற்றிகளைக் கண்டு ஏனைய நிலையங்களுக்கும் ஆசை பிறந்தது. 2007 ஆகத்து மாதத்தில் டில்லியிலே அரசினர் பாடசாலை ஆசிரியை ஒருவர் தம் மாணவியரைத் தீய தொழிலுக்கு அனுப்புகிறார் என்று ஒரு நிலையம் மறைகமராப் படமொன்றை ஒளிபரப்பியது. மக்கள் பாடசாலைமுன் திரண்டனர், அவ்வாசிரியையைத் தெருவிலே அடித்தனர், ஆடையைக் கிழித்தனர். அவர் வேலையும் இழந்தார். பின்னர்ப் பொலிசார் ஆராய்ந்தபொழுது, படத்திலே மாணவியாகத் தோன்றிய பெண் மாணவியே அல்லர், பத்திரிகைத் தொழிலிலே புக விரும்பிய ஒருவர் என்பது தெரிந்தது. குற்றச்சாட்டு முழுவதும் புனைவு. நிலையத்தின் ஒளிபரப்பை அரசு ஒரு மாதம் நிறுத்தியது. ஆசிரியைக்கு நேர்ந்ததை எந்த மாதக் கணக்கால் நிறுத்துவது? ஒளிபரப்புமுன் பாடசாலைக்குச் சென்று, இப்பெண் இங்கே படிக்கின்றாளா என்று இடாப்பைப் பார்த்திருந்தால் அரை நாளிலே பொய் வெளியாகியிருக்கும். அந்த அரை நாள் வேலைதான் புலனாய்வு, கமரா அன்று.

அந்த அரை நாளுக்குத்தான் இன்று பணமில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே 2005 முதல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டன. ஏடுகளைப் புரட்டி, ஆட்களைத் தேடி, மாதக்கணக்கில் உழைக்கும் நிருபருக்குச் சம்பளம் கொடுப்பதிலும், சிறு கமராவொன்றை ஒருவர் சட்டையிலே தைத்து அனுப்புவது மலிவு, பார்ப்பாரும் மிகுதி. ஆயினும், இந்நூற்றாண்டின் பெரும் புலனாய்வுகளுள் ஒன்றான, பாதிரிமார் சிலர் சிறுவர்க்கு இழைத்த கொடுமையைத் திருச்சபைத் தலைமை மறைத்த செய்தி, 2002இல் 'பொஸ்டன் குளோப்' பத்திரிகையிலே மறைகமரா ஏதுமின்றியே வெளிவந்தது. மூடி வைத்திருந்த நீதிமன்ற ஏடுகளைத் திறக்குமாறு வழக்காடியும், திருச்சபையின் ஆண்டுப் பெயரேடுகளிலே எந்தப் பாதிரியார் எந்த ஆண்டில் எங்கே மாற்றப்பட்டார் என்று வரிவரியாகக் குறித்தும் அவர்கள் அதனை நிறுவினர். தொலைக்காட்சியிலே காட்டக் கூடிய காட்சி எதுவும் அவ்வேலையில் இல்லை.

'மிராஜ்' தவறணையை நடத்திய 'சன்-டைம்ஸ்' பத்திரிகையோ 2013ஆம் ஆண்டு மே மாதத்திலே தன் முழுநேரப் புகைப்படக்காரர் யாவரையும் ஒரே நாளிலே வேலையினின்று நீக்கியது. நிருபர்களே கைத்தொலைபேசியாற் படம்பிடிக்குமாறு பணிக்கப்பட்டனர். 2022இல் அப்பத்திரிகை இலாபம் கருதாத பொது வானொலி நிலையமொன்றின் கீழ் வந்து, நன்கொடையாளர் உதவியையும் நாடி நடக்கலாயிற்று. 2025இல் அதன் பணியாளருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் விலகுதொகை பெற்று நீங்கினர்.