காமாலையை முந்தி வரும் காணாக்கடி

கண் மஞ்சளாவதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ முன்பே, ஹெபடைடிஸ் பி தொற்றிய பெரியவர்கள் சிலருக்கு உடம்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்புகிறது. கூடவே விரல் மூட்டுகளில் வலி, லேசான காய்ச்சல். வைரஸின் மேலுறைப் புரதமும் அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் பிணைந்து சிறு ரத்தக்குழாய்களில் படிவதால் வரும் தடிப்பு இது. வீட்டில் இதைக் காணாக்கடி என்பார்கள். கத்தரிக்காய் மீதோ கருவாட்டின் மீதோ பழி விழும். சில நாள்களில் தானே அடங்கிவிடும். பலருக்குக் காமாலை வருவதே இல்லை. அவர்களுக்கு வைரஸ் விட்டுச்செல்லும் வெளித்தடயம் இந்தத் தடிப்பு மட்டுமாகவும் இருக்கலாம்.

அந்தத் தடயத்தை அழிப்பது சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. அரிப்பு ஓரிரு நாளில் நிற்பதால், அடுத்த முறையும் அதே அட்டை வாங்கப்படுகிறது. ஹெபடைடிஸ் பி நாள்பட்டுத் தங்கியிருப்பவருக்கு இது பெரிய ஆபத்து. ஸ்டீராய்டு தொடர்ந்தால் ஒடுங்கிக் கிடந்த வைரஸ் பெருகும். நிறுத்தியதும் விழித்துக்கொள்ளும் எதிர்ப்பாற்றல், வைரஸ் புகுந்த கல்லீரல் செல்களையே தாக்கும். கல்லீரல் செயலிழந்து உயிர் போனவர்களும் உண்டு.

ஹெபடைடிஸ் சி காட்டும் அடையாளங்கள் வேறு. குளிரில் உறையும் புரதங்கள் ரத்தத்தில் சேர்ந்து, கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் ஊதா நிறப் புள்ளிகள் தடித்து எழும். அழுத்தினாலும் நிறம் மறையாது. சிறுநீரகமும் நரம்பும்கூடக் கெடலாம். வெயில் படும் புறங்கையில் கொப்புளம், சிறு உராய்வுக்கே உரியும் தோல், மணிக்கட்டில் அரிக்கும் ஊதாப் படைகள் ஆகியவையும் இதோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. 1996-ல் எகிப்து மருத்துவர்கள் விவரித்த, பாதத்தின் மேற்புறம் கருத்துத் தடிக்கும் நோயும் இந்த வகையே.

தடிப்பு வந்தவர்க்கெல்லாம் கல்லீரல் சோதனை வீண்செலவு என்போர் உண்டு. பெரும்பாலான காணாக்கடிக்கும் கல்லீரலுக்கும் தொடர்பில்லைதான். மூட்டுவலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. தடிப்பு எழும் நாள்களிலேயே ஹெபடைடிஸ் பி மேலுறைப் புரதம் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் சி என்றால், பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரைகளில் வைரஸ் நீங்குகிறது. பி உறுதியானால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லோருக்கும் பரிசோதனை தேவை. தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்களுக்கு 6 மாதத்தில் 3 தவணைத் தடுப்பூசி.