படிவம் 16 வரும் முன்னே

2023 ஜூலை கடைசி வாரம். நம் சங்கத்துத் தம்பி ஒருவர் மாட்டுங்காவில் என் பாத்திரக் கடைக்கு வந்தார். "ஐயா, மார்ச்சோட வேலையை விட்டுட்டேன். பழைய கம்பெனி படிவம் 16 தர மாட்டேங்குது. அது இல்லாம ரிட்டர்ன் போட முடியுமா? 31ஆம் தேதி தாண்டினா 5000 ரூபாய் தண்டம்ங்கறாங்க" என்றார்.

முடியும் என்பதே விடை. படிவம் 16 என்பது பிடித்த வரிக்கு முதலாளி தரும் சான்று. வருமானம் நம்முடையது, கணக்குக் காட்டும் கடமையும் நம்முடையதே. சரக்கு வந்து பட்டியல் வரவில்லை என்றால் பேரேட்டில் எழுதாமல் விடுவோமா? 2007 முதல் ரிட்டர்னோடு எந்தச் சான்றையும் இணைக்க வேண்டியதும் இல்லை.

செய்முறை இதுதான். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை அடுக்கி, மொத்தச் சம்பளத்தைக் கூட்ட வேண்டும். பலர் கைக்கு வந்த தொகையை மட்டும் கூட்டுகிறார்கள், அது பிழை. பிடித்தம் போன வரியும், நாம் கட்டிய பி.எஃப். பங்கும் சம்பளமே. பிறகு சட்டம் தரும் கழிவுகளைக் கழித்து, வங்கி வட்டியைச் சேர்த்து, வரித்துறைத் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக ஏப்ரலிலேயே அவசரப்படவும் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரையான பிடித்தக் கணக்கை முதலாளி கொடுக்க மே 31 வரை தவணை உண்டு. அது பதிவாகும் முன் ரிட்டர்ன் போட்டால், வரி பொருந்தவில்லை என்று கடிதம் வரும்.

தம்பியின் சிக்கல் அதற்கும் மேலே. சீட்டில் பிடித்தம் இருந்தது. ஜூலையிலும் 26ஏஎஸ்-இல் கடைசிக் காலாண்டைக் காணோம். கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை! 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது. இத்தகைய பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 1-6-2015இல் அதிகாரிகளுக்கு எழுதியது. கணினிக்கு இதெல்லாம் தெரியுமா? வரி பாக்கி என்று ஓலை வந்தது. சம்பளச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் காட்டிப் பதில் எழுதினோம். எட்டு மாதம் அலைந்து தீர்ந்தது.

2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1-4-2026 முதல் என்று வகுக்கப்பட்டதால் பிரிவு எண்கள் மாறும், சாரம் இதுவே. பிறகு சான்று வந்து தொகை வேறுபட்டால், கெடுவுக்குள் திருத்திய ரிட்டர்ன் போடலாம்.

ஆகவே அன்பர்களே, மாதச் சீட்டை அந்தந்த மாதமே அச்செடுத்து வையுங்கள். வேலையை விட்ட அன்றே கம்பெனிக் கணினியின் கதவு சாத்திவிடும்.