அழாத குழந்தைகள்

ருமேனியாவின் அரசுக் காப்பகங்களுக்குள் போய் வந்தவர்கள் பலரும் அங்கிருந்த அமைதியைப் பற்றியே பேசினார்கள். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தை அழுவதை நிறுத்திவிடுகிறது. குழந்தை மருத்துவரான எனக்கு, காய்ச்சலில் வீறிடும் பிள்ளையைவிட இந்த மௌனம்தான் பயம் தருகிறது.

1966-இல் ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளைக் காப்பகங்களில் விட்டார்கள். 1989-இல் ஆட்சி கவிழ்ந்த பிறகே உலகம் அவர்களைப் பார்த்தது.

பிறகு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற ஆய்வாளர்கள் மூவரும் தலைநகர் புக்கரெஸ்டில் 136 காப்பகக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பேர்? அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. ஆனால் அன்று அந்த நகரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அநேகமாக இல்லை. ஆய்வாளர்கள்தான் அதை உருவாக்கினார்கள். மற்றவர்கள் காப்பகத்தை விட்டுப் போக வழி கிடைத்தால் யாரும் தடுக்கவுமில்லை.

காப்பகக் குழந்தைகளின் மூளை மின்னலைகள் வலுவிழந்திருந்தன. இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களோ எட்டு வயதில் இந்த அலைகளில் சொந்தக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளை நெருங்கி வந்துவிட்டார்கள். தாமதமானவர்களுக்கு அந்த அளவு மீட்சி இல்லை. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்துவிடும் குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். பார்க்கப் பாசம்போலத் தெரியும். ஆனால் ஆரம்பகாலப் புறக்கணிப்பின் அடையாளம் அது.

தனிமை மூளையை ஏன் இப்படிப் பாதிக்கிறது என்பதற்கான காரணத்தின் ஒரு துளி எலிகளில் கிடைத்தது. பால்குடி மறந்ததும் இரண்டு வாரம் தனியே அடைக்கப்பட்ட எலிக்குஞ்சுகளின் முன்மூளையில், நரம்பிழைகளைச் சுற்றும் மையலின் உறை மெலிந்திருந்தது. மற்ற எலிகளோடு பழகவும் தயங்கின. பிறகு கூட்டத்தோடு சேர்த்தும் அது சரியாகவில்லை.