பரிசுப் பொருள் பழுதானால்?

பிறந்தநாள், திருமணம், புதுமனை புகுவிழா, பணி ஓய்வு என்று பரிசு கொடுக்க நமக்கு ஆண்டு முழுவதும் நாள்கள் உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் குத்துவிளக்கும் எவர்சில்வர் குடமும் கொடுத்தார்கள். குடம் நெளிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். வேறு தொல்லை இல்லை. இன்றோ கைக்கடிகாரம் முதல் செல்போன் வரை பரிசுகள் பெரும்பாலும் மின்னணுப் பொருள்களாகிவிட்டன. அட்டைப் பெட்டியும் வண்ணக் காகிதமும் பார்க்க அழகுதான். உள்ளே இருப்பது நல்லதா, பழுதானதா என்பது சுவிட்சைப் போட்ட பிறகே தெரியும். அவ்வாறு பழுதாயிருந்தால் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறோம்.

நாமே காசு கொடுத்து வாங்கிய டார்ச் லைட் எரியவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே கடை வாசலில் நிற்கிறோம். பரிசாக வந்த பொருள் என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. ‘தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்று பெரியவர்களும் சொல்லிவிடுகிறார்கள். கொடுத்தவர் மனம் நோகுமே என்று பெற்றவர் மறைக்கிறார். பெற்றவர் ஒன்றும் சொல்லாததால் கொடுத்தவர் மகிழ்ச்சியாக இருக்கிறார். இந்த இருவர் அன்புக்கும் நடுவில் நன்மை அடைபவர் யார் தெரியுமா? பழுதான பொருளைச் செய்தவரும் விற்றவருமே.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவியர் எல்லோரும் காசு சேர்த்து, பள்ளியில் பல்லாண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆயாம்மாவுக்கு ஒரு சிறிய ரேடியோ வாங்கிக் கொடுத்தோம். விடியற்காலையில் பாட்டுக் கேட்டபடி அடுப்பு மூட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று வாரங்கள் சென்றபின் ஆறாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்திதான் மெல்லச் சொன்னாள்: ரேடியோ நான்கு நாள்தான் பாடியதாம், பிறகு கரகரவென்ற சத்தம், அப்புறம் அதுவும் இல்லையாம். சார்ஜர் தொட முடியாதபடி சுட்டதாம். நாங்கள் வீட்டுக்குப் போனபோது அந்த ரேடியோ, அலமாரியில் ஒரு துணியால் மூடி, பூ வைத்து, பத்திரமாக இருந்தது. “பிள்ளைங்க ஆசையா வாங்கித் தந்தது. அதைப் போய் யாராவது குத்தம் சொல்லுவாங்களா?” என்றார் ஆயாம்மா. எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அதில் எழுதியிருந்தது. பிறகு பில்லைப் பார்த்தார். “பில்லில் இருப்பவர் வேறு, ரேடியோவை உபயோகித்தவர் வேறு. அந்த அம்மாளுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றியது. இதற்கு விடை தேடியபோதுதான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முதலாகப் புரட்டிப் பார்த்தோம்.

இச்சட்டத்தின் வரலாறு சுவையானது. 1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, பாதுகாப்பு, தகவல் அறிதல், தேர்ந்தெடுத்தல், தம் குறையைச் சொல்லக் கேட்கப்படுதல் என்று நுகர்வோருக்கு நான்கு உரிமைகளை எடுத்துரைத்தார். அந்த நாளே உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 24 நம் தேசிய நுகர்வோர் நாள். கிறிஸ்துமஸ் பரிசு வாங்கக் கடைவீதியில் கூட்டம் நெரியும் நாளும் அதுவே!

சரி, கடைக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம். நுகர்வோர் என்பவர் யார்? விலை கொடுத்து வாங்கியவர் மட்டுமல்லர். வாங்கியவரின் சம்மதத்தோடு அப்பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்று சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்லுகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. பரிசைக் கையில் கொடுப்பதைவிடத் தெளிவான சம்மதம் வேறு என்ன இருக்க முடியும்? ஆகவே ஒரு காசும் கொடுக்காத ஆயாம்மா, சட்டத்தின் கண்ணுக்கு எங்களைப் போலவே ஒரு நுகர்வோர். நம்மைப் போன்ற பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. நமக்காகப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ புகார் கொடுக்கலாம்.

சுவரில் இருந்த பலகைக்கும் அதே பிரிவில் பதில் இருக்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். எத்தனை நாளுக்குள் என்று பில்லில் குறித்திருந்தால் அத்தனை நாள். ஒன்றும் குறிக்கவில்லை என்றால் முப்பது நாள். ஆனால் இது பழுதான பொருளுக்கே உரியது என்பதை மறக்கலாகாது. நிறம் பிடிக்கவில்லை, அக்காளிடம் இதைப் போல ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதெல்லாம் பழுது ஆகாது. அதற்கு மாற்றித் தருவது கடைக்காரரின் தயவு. தண்ணீரில் போட்டுவிட்டோ, கீழே தவறவிட்டோ, அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் ‘பழுது பார்த்த’ பிறகோ கடைக்குப் போய் நிற்பதும் நியாயமில்லை.

நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். வாங்கிய தேதி, பில் எண், பழுது தெரிந்த நாள், பழுதின் விவரம், எங்களுக்கு வேண்டியது வேறு ரேடியோ அல்லது பணம் என்று ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட்டோம். கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை கையெழுத்திட்டு, வாங்கிய இருபத்து நான்காம் நாள் அதை நேரில் கொடுத்து, நகலில் ஒப்புகையும் பெற்று வந்தார். இரண்டு நாளில் வேறு ரேடியோ கிடைத்தது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. “கம்பெனிக்காரர் எனக்கு மாற்றித் தருவாரா என்று தெரிய வேண்டாமா?” என்று அவர் கேட்டதிலும் உண்மை இருக்கிறது. எனினும் அது அவருக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள கணக்கு. அதை ஆயாம்மா தலையில் வைக்கலாகாது அன்றோ?

பரிசு கொடுப்போர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாம் பரிசைக் கட்டும்போது முதலில் விலைச்சீட்டைக் கிழிக்கிறோம். பில்லைப் பையில் போட்டுக்கொள்கிறோம், பிறகு தொலைத்துவிடுகிறோம். பெற்றவரிடம் பொருள் இருக்கும், பில் இருக்காது. விலை தெரிவது கூச்சமாயிருந்தால் பில்லைத் தனி உறையிலிட்டு ஒட்டி, பெட்டிக்குள் வைத்துவிடலாம். வேண்டும்போது மட்டும் பிரிப்பார்கள். இக்காலக் கடைகளில் மெஷின் தரும் வழவழப்பான பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கி வெறுந்தாளாகிவிடும். ஒரு நகலோ புகைப்படமோ எடுத்து வைப்பது நல்லது. பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் உண்டா என்று பார்க்க வேண்டும். வாரண்டிக் காலம் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது, உறையைப் பிரித்த நாளிலிருந்து அன்று. தை மாதக் கல்யாணத்துக்கு ஆடித் தள்ளுபடியில் மிக்ஸி வாங்கி வைத்தால், மணமகள் அதைத் தொடுமுன்பே பாதி வாரண்டி தீர்ந்துவிடும்.

‘கியாரண்டி என்றால் மாற்றித் தருவோம், வாரண்டி என்றால் ரிப்பேர் செய்வோம்’ என்று கடைகளில் ஒரு பாடம் சொல்வார்கள். அந்தப் பாடத்தைவிடக் கார்டில் அச்சிட்டிருப்பதே முக்கியம். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் தேதியிட்ட ஜாப் ஷீட் கேட்டு வாங்க வேண்டும். ஒரே பழுதுக்கு நான்கு முறை நடந்தோம் என்று வாயால் சொல்வதைவிட நான்கு தாள்களைக் காட்டுவது வலிமையானது.

கடிதத்துக்கும் அசையாதவர்கள் உண்டு. அப்போது 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பழுது தெரிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விற்றவர், செய்தவர் இருவரையுமே எதிர்த் தரப்பில் சேர்க்கலாம். பழுதை நீக்கவோ, புதியது தரவோ, விலையைத் திருப்பிக் கொடுக்கவோ, நஷ்டஈடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் பரிசு பெறுவோருக்கு மிகவும் ஏற்ற ஒரு மாற்றம் உண்டு: புகார் தருபவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். சென்னையில் மாமா வாங்கிய கடிகாரத்துக்காகத் திருநெல்வேலிப் பெண் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கும் அப்படியே. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுக்கலாகாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் கூறுகின்றன.

நம் பள்ளியில் பலருடைய தந்தையர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது செல்போனும் கேமராவும் கொண்டுவருவார்கள். அப்பொருள்களுக்கு மேற்சொன்ன வழிகள் எளிதில் எட்டா. துபாய்க் கடையை இங்கிருந்து பிடிப்பது கடினம். பல கம்பெனிகளின் வாரண்டி, வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே அங்கு வாங்கும்போதே, இந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேட்டு, கார்டில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி அப்பாவுக்கு இப்போதே எழுதிவிடலாம்.