இலை பறிக்கும் பாட்டிகள்... ஜப்பானின் ஒரு குட்டி ஊர் ஜெயித்த கதை!

ஊருக்கே சோறு போட்ட மரங்கள் ஒரே குளிர்காலத்தில் கருகிப்போனா என்ன பண்ணுவீங்க?

ஜப்பானின் ஷிகோகு தீவில், மலைகளுக்கு நடுவே இருக்கும் காமிகாட்சுவில் 1981-ல் இதுதான் நடந்தது. இரண்டு கிராமங்கள் இணைந்து 1955-ல் உருவான ஊர் இது. மரம் வெட்டும் தொழில் ஏற்கெனவே படுத்துவிட, கடும் குளிரில் ஆரஞ்சுத் தோட்டங்களும் போயின. இளைஞர்கள் நகரங்களுக்குக் கிளம்பினார்கள்.

அங்கே வேளாண் கூட்டுறவில் வேலை பார்த்தவர் டொமோஜி யோகோய்ஷி. ஒசாகா உணவகம் ஒன்றில், தட்டை அலங்கரித்த சிவப்பு மேப்பிள் இலையை ஒரு பெண் ஆசையாக எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்தார். 'நம்ம மலையில இது சும்மா கிடக்குதே!' எனப் பொறி தட்டியது. 'இலைக்கெல்லாம் யார் காசு தருவா?' என்று ஊரார் சிரித்தார்கள். ஆனாலும், 1986-ல் வியாபாரம் தொடங்கியது.

இலைக்கு எடை கிடையாது. வயதானவர்களுக்கு ஏற்ற வேலை. இன்று 70, 80 வயதுப் பாட்டிகள் டேப்லெட்டில் ஆர்டர் பார்த்து, இலை பறித்து அனுப்புகிறார்கள்.

2003-ல் 'குப்பையே இல்லாத ஊர் ஆவோம்' என ஜப்பானிலேயே முதலில் அறிவித்ததும் இந்த ஊர்தான். குப்பை வண்டி வராது. மக்களே கழுவி, 40-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சுமார் 80 சதவிகிதம் மறுசுழற்சிக்குப் போகிறது.

ஆனால், 6,000-க்கும் மேல் இருந்த மக்கள்தொகை இப்போது 1,500-க்கும் குறைவுதான். அதில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். இலைகள் வருஷா வருஷம் துளிர்த்துடும். பறிக்க ஆள் வேணுமே!