பச்சை விளக்கு எரியுது, மெசேஜ் வரலை

ஒரு கிளினிக்ல டோக்கன் நம்பர் காட்டுற திரையை நினைச்சுக்கோங்க. உள்ளே 47-ஐக் கூப்பிட்டாச்சு, திரையில இன்னும் 42. ஓரத்துல 'கனெக்டட்'னு பச்சை விளக்கு வேற. 47-ஐக் கையில வச்சிருக்கிறவர் வாசல்ல டீ குடிச்சிட்டு இருக்கார், அவர் முறை போயிடுச்சு. இது எப்படி நடக்குதுன்னு இந்த எபிசோடுல பார்க்கலாம்.

சாதாரண எச்டிடிபி-யில பிரவுசர் கேட்டாத்தான் சர்வர் பதில் சொல்லும். வெப்சாக்கெட்டும் எச்டிடிபி கோரிக்கையாத்தான் தொடங்குது. சர்வர் 101-ன்னு பதில் அனுப்பினதும், அதே டிசிபி இணைப்பு ரெண்டு பக்கமும் பேசுற பாதையா மாறிடும். 2011 டிசம்பர்ல ஆர்எஃப்சி 6455-ஆ வெளிவந்த விஷயம் இது.

ஆனா 'இணைப்பு'ங்கிறது ரெண்டு பக்கமும் மெமரியில வச்சிருக்கிற ஒரு குறிப்பு மட்டும்தான். நடுவுல ஒரு ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி இந்த இணைப்பையே மறந்துட்டா, யாரும் யாருக்கும் தகவல் சொல்ல மாட்டாங்க. சர்வர் அனுப்புறது அதோட ஆபரேட்டிங் சிஸ்டம் பஃபர்ல போய் விழும், உடனே எரர் வராது. பிரவுசரோ எதையும் அனுப்பாம காத்துட்டு மட்டும் இருக்கு. அதுக்குச் சந்தேகமே வராது.

இதுக்குத்தான் ஹார்ட்பீட். வெப்சாக்கெட்லயே பிங், பாங் உண்டு. சர்வர் பிங் அனுப்பினா பிரவுசர் தானாவே பாங் சொல்லிடும். ஆனா நம்ம ஜாவாஸ்கிரிப்ட் கோடுக்கு அது கண்ணுலயே படாது! அதனால 20 விநாடிக்கு ஒரு தடவை சாதாரண மெசேஜாவே ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. 45 விநாடி எதுவும் வரலைன்னா பிரவுசர் மூடிட்டு மறுபடி இணையட்டும். நடுவுல என்ஜின்எக்ஸ் இருந்தா இன்னும் அவசியம்; 60 விநாடி சர்வர் அமைதியா இருந்தா, டிஃபால்ட்டா அதுவே இணைப்பை மூடிடும்.

சரி, மறுபடி இணைஞ்சாச்சு. விட்டுப்போன மெசேஜ்? வெப்சாக்கெட் எதையும் சேர்த்து வைக்காது. டோக்கன் திரைக்கு, இணைஞ்சதுமே இப்போதைய நம்பரை அனுப்பினாப் போதும். சாட்டுன்னா அது பத்தாது. ஒவ்வொரு மெசேஜுக்கும் வரிசை எண் போட்டு, "நான் இதுவரைக்கும் வாங்கிட்டேன்"னு பிரவுசர் சொல்லணும், மிச்சத்தை சர்வர் எடுத்துக் கொடுக்கணும்.

என்னைக் கேட்டா, டோக்கன் திரைக்கு வெப்சாக்கெட்டே வேண்டாம். சர்வர் மட்டும்தானே பேசுது? சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதும். இணைப்பு அறுந்தது தெரிஞ்சா பிரவுசரே மறுபடி இணையும். நீங்க ஈவென்டுக்கு ஐடி போட்டிருந்தா கடைசியா வந்த ஐடியையும் சேர்த்து அனுப்பும். ஹார்ட்பீட் மட்டும் இங்கேயும் வேணும். பழைய எச்டிடிபி 1.1-ல ஒரு சர்வருக்கு ஆறு இணைப்புக்கு மேல பிரவுசர் திறக்காது, ஏழாவது டேப் சும்மா நிக்கும். எச்டிடிபி 2-க்கு மாறிட்டா அந்தத் தொல்லையும் இல்லை.