மேடையேறும் ஆய்வு – 7: எலுமிச்சையும் தண்ணீர் கேனும்

போன வாரம் குரலைப் பார்த்தோம். இந்த வாரம் ஒரே ஒரு ஸ்லைடு.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்ணோடம் கிளம்பி ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைப்பொருள் துண்டு ஒன்று பிய்ந்து வந்து இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உட்பட உள்ளே ஏழு பேர். அவர்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே, பட்ட அடி எவ்வளவு என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசா மேலாளர்களிடம் ஸ்லைடுகளாகக் காட்டினார்கள்.

அதில் ஒன்றின் தலைப்பு, சுருக்கமாக, இப்படிப் பொருள்படும்: வெப்பக் காப்பு ஓடுகள் துளைபடுமா என்ற கணிப்பு, உள்ள ஆபத்தைக் கூட்டியே காட்டுகிறது என்கின்றன சோதனைத் தரவுகள். படிப்பவருக்கு என்ன தோன்றும்? பயமில்லை என்றுதானே! கீழே பெரிய புள்ளி, அதற்குள் கோடு, அதற்குள் குட்டிப் புள்ளி என்று எழுத்து இளைத்துக்கொண்டே போகிறது. அடியில் ஒரு வரி: துண்டு 1,920 கன அங்குலம், சோதனையில் எறிந்து பார்த்தது 3 கன அங்குலம்.

640 மடங்கு. எலுமிச்சம்பழத்தை எறிந்து பார்த்துவிட்டு, ஒன்றரைத் தண்ணீர் கேன் வந்து மோதினால் என்ன ஆகும் என்று சொல்வதைப் போல. அந்த 640 என்ற எண் ஸ்லைடில் எங்கும் இல்லை. வகுத்துப் பார்க்கும் வேலை கேட்பவர் தலையில்.

தரவுகளைக் காட்சிப்படுத்துவதில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார். விபத்தை விசாரித்த வாரியத்தின் அறிக்கையிலும் அந்த அலசல் இடம்பெற்றது. ஸ்லைடில் 'குறிப்பிடத்தக்க' என்ற பொருளில் ஒரே சொல் ஐந்து முறை வருகிறது. எவ்வளவு என்று ஓரிடத்திலும் இல்லை.

பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. ஸ்லைடுதான் கொன்றது என்பது அநியாயம். ஓட்டை விழுந்தது ஓடுகளில்கூட அல்ல, இறக்கையின் முன்விளிம்பில். ஆனால் 'சோதித்ததைவிட 640 மடங்கு பெரிய துண்டு. நம் கணிப்பு இதற்குப் பொருந்துமா தெரியாது' என்று தலைப்பு இருந்திருந்தால், அறையில் ஒருவராவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அண்மையில் ஒரு மாணவி வைவாவுக்கு முன் என்னிடம் ஒத்திகை பார்த்தார். ஏரி நீரின் தரம் பற்றிய ஆய்வு. பதினான்காவது ஸ்லைடின் தலைப்பு 'முடிவுகள்'. அடியில் எறும்பு சைஸில்: மாதிரிகள் அனைத்தும் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் எடுத்தவை.

"இது ஏம்மா இங்க இருக்கு?"

"யாராவது கேட்டா காட்டலாம்னு சார்."

"இதைத் தலைப்புக்குக் கொண்டுவாங்க."

"கைடு திட்டுவார் சார்."

கடைசி ஸ்லைடுக்குப் போனோம். திரை நிறைய ஒரு ரோஜா. அதன் மேல், பின்வரிசையில் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்கு, 'நன்றி'.